அண்டர்கிரவுண்ட் ஹிப்ஹாப்: இவ்வளவு நல்ல பாட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு?

ஒருவர் கேட்டிருந்தார்: ரேடியோவில் வராத, பெரிய கம்பெனி வெளியிடாத ஹிப்ஹாப்பைச் சிலர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்களே, அப்படி அதில் என்னதான் இருக்கிறது? அவ்வளவு நல்ல இசை என்றால் அதைச் செய்கிறவர்கள் ஏன் வாடகைக்கே திண்டாடுகிறார்கள்?

என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே கேள்விதான். பெரிய லேபிளில், அதாவது பாட்டு வெளியிடும் கம்பெனியில், ஒரு பாட்டு வெளியாகும் முன் அதைக் கேட்டுவிட்டு பல்லவி எங்கே, இது ரொம்ப நீளம், இந்த அட்டைப்படம் வேண்டாம் என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். ஸ்டுடியோ, விளம்பரம், வக்கீல், பயணச் செலவு எல்லாவற்றுக்கும் காசு தருவதும் அதே நாலு பேர்தான். அண்டர்கிரவுண்டில் அவர்கள் கிடையாது. தடுக்க ஆள் இல்லை, தாங்கவும் ஆள் இல்லை. நமக்குப் பிடித்த அந்தச் சுதந்திரமும் கலைஞர்கள் படும் பாடும் இங்கிருந்துதான் வருகின்றன, ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைப் பேச முடியாது.

அண்டர்கிரவுண்ட் என்றால் ஒரு குறிப்பிட்ட ஓசை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கனமான டிரம், பழைய ஜாஸ் இசைத்தட்டிலிருந்து வெட்டிய ஒரு துண்டு, 90களின் நியூயார்க் பாணி, இதுதான் அசல் ஹிப்ஹாப் என்று பிடிவாதமாக நிற்பவர்கள் நிறைய. அதே 90களின் தொடக்கத்தில் மெம்பிஸ் நகரத்துப் பையன்கள் வீட்டிலேயே பதிவு செய்து கேசட்டாக விற்ற இருண்ட, இரைச்சலான ராப்பும் அண்டர்கிரவுண்டுதான். இன்று உலகம் முழுக்க ஒலிக்கும் டிராப் இசை அந்தக் கேசட்டுகளுக்கு நிறையவே கடன்பட்டிருக்கிறது. ராப்பர் ராக் மார்சியானோ தானே பீட் (ராப்புக்குப் பின்னால் ஓடும் இசை) போட்டு 2010-இல் வந்த 'மார்க்பெர்க்' ஆல்பத்துக்குப் பிறகு, டிரம்மை அடக்கி வாசித்தோ அடியோடு எடுத்துவிட்டோ ராப் செய்யும் பெரிய கிளையே கிளம்பியது. இதுவும் அதுவும் ஒன்றுபோல ஒலிக்காது. பாட்டில் எது இருக்க வேண்டும், எது வேண்டாம் என்ற முடிவு பாடுகிறவர் கையில் இருக்கிறது என்பதுதான் இவர்களுக்குள் பொது.

அதனால் என்ன கிடைக்கிறது என்று பார்க்க ஒரே ஒரு ஆல்பத்தைக் கிட்டத்தில் வைத்துக் கேட்டால் போதும். 2004-இல் ஸ்டோன்ஸ் த்ரோ என்ற சின்ன லேபிள் வெளியிட்ட 'மேட்வில்லனி'. பாடியவர் எம்எஃப் டூம், பீட் போட்டவர் மேட்லிப். 22 தடங்கள், மொத்தமே முக்கால் மணி நேரம், பல பாட்டுகள் இரண்டு நிமிடத்தைச் சுற்றியே முடிந்துவிடும், பல்லவி என்று சொல்லத்தக்கது அநேகமாக எதிலும் இல்லை. மேட்லிப் இதன் பீட்டுகளில் பலவற்றைப் பிரேசிலில் ஒரு ஓட்டல் அறையில் உட்கார்ந்து செய்தார். கையில் இருந்தது கையடக்கமான ஒரு சாம்ப்ளர் (ஒலித் துண்டுகளைப் பதிவு செய்து பின்னும் கருவி), தூக்கிச் செல்லக்கூடிய ஒரு டர்ன்டேபிள், ஒரு கேசட் டெக், அவ்வளவுதான். ஆல்பம் அரைகுறையாக இருந்தபோதே இணையத்தில் கசிந்துவிட்டது, வெளியீட்டுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் முன்பாகவே. இருவரும் அதைக் கிடப்பில் போட்டுவிட்டு வேறு வேலைகளுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது டூம் பாட்டுகளை மறுபடி பாடினார், இந்த முறை குரலைத் தாழ்த்தி, கொஞ்சம்கூட அவசரமில்லாமல். இன்று நாம் கேட்பது அந்தக் குரலைத்தான். வெளியீட்டுத் தேதியை வைத்து நெருக்கும் ஒரு கம்பெனி இருந்திருந்தால் அந்த இரண்டாவது குரல் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

டூம் எழுதிய விதத்தையும் சொல்ல வேண்டும். வரிக்கு ஒரு எதுகை வைத்தோம், முடிந்தது என்று விடமாட்டார். நாலைந்து அசை கொண்ட ஒரு ஓசையை எடுத்துக்கொண்டு வரியின் நடுவில், அடுத்த வரியின் தொடக்கத்தில், அதற்கடுத்ததன் கடைசியில் என்று விடாமல் பின்னிக்கொண்டே போவார். நம் காது அடுத்து இந்தச் சொல்தான் வரும் என்று தயாராகக் காத்திருக்கும், அங்கே வேண்டுமென்றே வேறு சொல்லை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார், அது எதற்கு என்பது இரண்டு வரி தள்ளித்தான் உறைக்கும். முதல் தடவை கேட்கிறவருக்குப் பாதி பிடிபடாது. பிடிபடாவிட்டால் திரும்பக் கேட்பான் என்று கேட்கிறவனை நம்பி எழுதிய எழுத்து அது. இந்த இசையின் ஈர்ப்பு என்னவென்று ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இந்த நம்பிக்கையைத்தான் சொல்வேன். முதல் பதினைந்து நொடியில் பிடித்து இழுக்காவிட்டால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயத்தில் செய்யும் பாட்டையும், இரண்டாவது தடவை கேட்பார்கள் என்று நம்பிச் செய்யும் பாட்டையும் கேட்டவுடனே பிரித்துச் சொல்லிவிடலாம்.

டூம் அந்த இடத்துக்கு வந்த வழி லேசானதில்லை. முதலில் அவர் கேஎம்டி என்ற குழுவில் இருந்தார், பெரிய லேபிள், தம்பி சப்ராக்கும் கூட. 1993-இல் தம்பி கார் மோதி இறந்துபோனார். அடுத்த வருடம் அட்டைப்படத்தால் வம்பு வரும் என்று பயந்து லேபிள் ஆல்பத்தை நிறுத்தி, குழுவையும் கைவிட்டது. அதன்பின் சில வருடம் ஆளையே காணோம். திரும்பி வந்தபோது முகத்தை மறைத்துக்கொண்டு நியூயார்க்கின் சின்ன மேடைகளில் பாடினார், 1999-இல் ஒரு ரேடியோ டிஜே நடத்திய குட்டி லேபிளில் முதல் தனி ஆல்பம் வந்தது. முகமூடி ஏன் என்று எல்லோரும் ஆராய்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, பெரிய லேபிள் கதவைச் சாத்திய பிறகு போவதற்கு இன்னொரு கதவு இருந்தது என்பதுதான்.

கருவியைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பணமில்லாமை எப்படி ஒரு அழகாக மாறுகிறது என்று அங்கேதான் கண்கூடாகத் தெரியும். 1987-இல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்ப்ளரின் நினைவகத்தில் மொத்தமே 10 நொடி ஒலிதான் கொள்ளும். முழுப் பாட்டுக்கும் அவ்வளவுதான். அதனால் நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் சுழல வேண்டிய தட்டை 45-இல் ஓடவிட்டு, அவசர அவசரமாக ஒலிக்கும் அந்தத் துண்டைப் பதிவு செய்து, கருவிக்குள்ளே மறுபடி மெதுவாக்குவார்கள். இடம் மிச்சம். கூடவே ஒலி மணல் கலந்தாற்போல் கரகரப்பாகிவிடும். அந்தக் கரகரப்பைக் கேட்டுத்தான் ஒரு தலைமுறையே இந்த இசை மேல் பைத்தியமானது. இன்று எவ்வளவு வேண்டுமானாலும் பதிவு செய்யக்கூடிய கணினியில் உட்கார்ந்து அதே கரகரப்பை வரவழைக்க மென்பொருள் வாங்குகிறார்கள்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு ஏழ்மைதான் கலையை உருவாக்கும், காசு வந்தால் கெட்டுப்போவான் என்று பேசுகிறவர்களை என்னால் ஏற்க முடியாது. கா என்ற ராப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். புரூக்ளினின் பிரௌன்ஸ்வில் பகுதியில் வளர்ந்தவர், நியூயார்க் தீயணைப்புத் துறையில் கேப்டன். பகலில், இரவில், ஷிஃப்ட் எப்படி வருகிறதோ அப்படித் தீயணைப்பு வேலை, மிச்ச நேரத்தில் ராப். கிசுகிசுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் குரல், டிரம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத பீட், ஒவ்வொரு வரியும் ஒரு பழமொழிபோல இறுகியிருக்கும். பெரும்பாலான பீட்டைத் தானே போட்டார், வீடியோவைத் தானே இயக்கினார், ஆல்பத்தைத் தானே வெளியிட்டார், தெருவில் நின்று தானே விற்றார், வாங்க வந்தவர்களோடு நின்று பேசினார். 2016-இல் ஒரு நியூயார்க் நாளிதழ், போலீசைத் திட்டிப் பாடும் தீயணைப்பு அதிகாரி என்று முதல் பக்கத்தில் அவர் படத்தைப் போட்டுச் சாடியது. 2001 செப்டம்பர் 11 அன்று அந்தக் கோபுரங்களுக்கு ஓடிய தீயணைப்பு வீரர்களில் ஒருவர் அவர். 2024 அக்டோபரில், 52 வயதில் இறந்துபோனார்.

காவின் இசை அவ்வளவு சுதந்திரமாக இருந்ததற்குக் காரணம் அவர் ஏழை என்பதல்ல. அவருக்கு மாதச் சம்பளம் இருந்தது. பாட்டு ஓடினால்தான் சோறு என்ற நிலை இல்லாததால் யாருக்காகவும் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதற்கு விலையும் கொடுத்தார்: சுற்றுப்பயணம் போக முடியாது, ஒரு ஆல்பத்துக்கு நாலு வருடம்கூட ஆகும், தூக்கம் போகும். எல்லா அண்டர்கிரவுண்ட் கலைஞருக்கும் பின்னால் இப்படி ஏதோ ஒன்று தாங்கிக்கொண்டு இருக்கிறது. வேலை, மனைவியின் சம்பளம், ஒரு கடை, ஒரு ரேடியோ நேரம், ஒரு கூடம். அது போய்விட்டால் இசையும் நின்றுவிடுகிறது.

அந்தக் கூடங்களைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. லாஸ் ஏஞ்சலஸில் குட் லைஃப் கஃபே என்று ஒரு ஆரோக்கிய உணவுக் கடை, 1989 கடைசியிலிருந்து வியாழக்கிழமை இரவுகளில் அங்கே மைக் எல்லோருக்கும் திறந்திருந்தது. கெட்ட வார்த்தை பேசக்கூடாது என்பது கடையின் கண்டிப்பான விதி. நன்றாக இல்லை என்றால் மைக்கைக் கொடுத்துவிட்டுப் போ என்று கூட்டமே சேர்ந்து குரல் கொடுக்கும். வசைச் சொல்லை வைத்து ஒப்பேற்ற முடியாது, பாதி மனதோடு பாடவும் முடியாது. ஃப்ரீஸ்டைல் ஃபெல்லோஷிப் குழு அந்த அறையில் வளர்ந்ததுதான், சொற்களை ஜாஸ் வாத்தியம்போல வளைத்து ஓடவிடும் அந்தப் பாணிக்கு இன்றுவரை வாரிசுகள் உண்டு. அதே காலத்தில் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரேடியோவில் ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ராங், பாபிட்டோ இருவரும் 1990 முதல் 1998 வரை வியாழன் நள்ளிரவு தாண்டி ஒரு மணியிலிருந்து விடியும்வரை நிகழ்ச்சி நடத்தினார்கள். லேபிள் கிடைக்காத பையன்கள் கேசட்டோடு போய் நின்றார்கள். அப்படிப் போனவர்களில் பின்னாளில் பெரும் புகழ்பெற்ற ராப்பர்களான நாஸும் பிக்கியும் உண்டு. டூமின் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டார் என்று சொன்னேனே, அந்த டிஜே இந்த பாபிட்டோதான். ஃபேட் பீட்ஸ் என்று ஒரு இசைத்தட்டுக்கடை இருந்தது, அதன் வாசலில் பெர்சி பி என்ற ராப்பர் வருடக்கணக்கில் நின்று வருகிற போகிறவர்களிடம் தன் சிடியைக் கையோடு விற்றார்.

1996-இல் அமெரிக்காவில் தொலைத்தொடர்புச் சட்டம் மாறியது. அதுவரை நாடு முழுவதும் ஒரு கம்பெனி 40 ரேடியோ நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது, அந்த உச்சவரம்பு போனது. சில வருடங்களில் கிளியர் சேனல் என்ற ஒரே கம்பெனி கையில் சுமார் 1,200 நிலையங்கள். எந்தப் பாட்டு போட வேண்டும் என்ற முடிவு உள்ளூர் டிஜேயிடமிருந்து தலைமை அலுவலகத்துக்குப் போனது. 2010-இல் நியூயார்க் ஃபேட் பீட்ஸ் கடையும் மூடியது. மெயின்ஸ்ட்ரீம், அண்டர்கிரவுண்ட் என்ற பிரிவு இவ்வளவு ஆழமானதற்கு ரசனையைவிட இது பெரிய காரணம். அதற்கு முன் ஒரு பாட்டு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வருவதற்கு நடுவில் ஆட்கள் இருந்தார்கள்.

அடுத்தது சாம்பிள். பழைய தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புதிதாகப் பின்னுவதுதான் இந்த இசையின் அடித்தளம். 1991-இல் பாடகர் கில்பர்ட் ஓ'சல்லிவன் பாட்டை எடுத்ததற்காக ராப்பர் பிஸ் மார்க்கி மேல் நடந்த வழக்கில் நீதிபதி பைபிளின் 'களவு செய்யாதிருப்பாயாக' என்ற கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார். 2005-இல் இன்னொரு அமெரிக்க நீதிமன்றம், இரண்டு நொடி கிட்டார் துண்டாக இருந்தாலும் அனுமதி வாங்கு, இல்லையென்றால் தொடாதே என்ற அளவுக்குப் போனது. பெரிய லேபிள் பணம் கட்டி வாங்கிக்கொள்ளும். தனியாகச் செய்கிறவருக்கு ஒரே பாதுகாப்பு, யார் கண்ணிலும் படாமல் இருப்பது. இதன் கொடுமை புரிகிறதா? பாட்டு ஓடாதவரை பிரச்சினை இல்லை, நன்றாக ஓடினால் வக்கீல் நோட்டீஸ் வரும். டி லா சோல் ஒன்றும் அண்டர்கிரவுண்ட் குழு இல்லை, அவர்களுக்கே இந்தக் கதி: 1989-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பமும் அதையடுத்து வந்தவையும் சாம்பிள், ஒப்பந்தச் சிக்கல்களால் ஸ்ட்ரீமிங்கில் வர 2023 மார்ச் ஆனது. குழுவின் டேவ் அதற்கு மூன்று வாரம் முன்புதான் இறந்துபோனார்.

ஸ்ட்ரீமிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாவிட்டால் அதற்குக் காசே கணக்கிடப்படாது. கலைஞர்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளம் பரவாயில்லை, டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம்தான் எடுத்துக்கொள்ளும், 2020 மார்ச்சிலிருந்து அவ்வப்போது சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. ஆனால் அதுவும் 2022-இல் ஒரு கை, 2023-இல் இன்னொரு கை என்று மாறி, ஊழியர்களில் பாதிப் பேர் வேலையிழந்தார்கள். ஒரே தளத்தை நம்பி முழு வாழ்க்கையையும் வைத்தால் என்ன ஆகும் என்ற பயம் இப்போது எல்லாருக்கும் இருக்கிறது.

கஷ்டத்தில் ஒரு பங்கு நம்மைப்போன்ற ரசிகர்களாலும் வருகிறது. பிடித்த ராப்பர் கொஞ்சம் காசு பார்த்தால் விலைபோய்விட்டான் என்று தூற்றுவது, 1994-ஐத் தாண்டி எதையும் கேட்க மறுப்பது, புதிதாக வருகிறவரிடம் இவரைத் தெரியுமா அவரைத் தெரியுமா என்று பரீட்சை வைப்பது. பாடுகிறவர் வாடகை கட்டிவிட்டால் நமக்கு என்ன நஷ்டம்? இன்னொன்று, பெண்கள். பஹமாடியா போன்ற ராப்பர்கள் ஆண்கள் பலரைவிட நன்றாக எழுதியும் அவர்களுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு, இந்த விஷயத்தில் அண்டர்கிரவுண்ட் மெயின்ஸ்ட்ரீமைவிட ஒன்றும் உயர்த்தி இல்லை. அதேபோல் மெயின்ஸ்ட்ரீமில் வராதது எல்லாமே ஆழமானது என்ற நினைப்பும் வேண்டாம். சுமாரான எழுத்தைச் சதிக்கோட்பாட்டில் தோய்த்துக் கொடுக்கும் பாட்டுகள் இங்கே குவிந்து கிடக்கின்றன.

சில நாடுகளில் அண்டர்கிரவுண்ட் என்பது உயிரைப் பணயம் வைக்கும் சொல். ஈரானில் இசை வெளியிட அரசு அமைச்சகத்தின் அனுமதி வேண்டும், ராப்புக்கு அது கிடைப்பது அரிது, ஆகவே அங்கே ராப் என்றாலே ஒளிந்து செய்வதுதான். உலோகப் பட்டறைத் தொழிலாளியான தூமாஜ் சாலேஹி போராட்டங்களை ஆதரித்துப் பாடியவர். 2022 அக்டோபரில் கைதானார், 2024 ஏப்ரலில் மரண தண்டனை விதித்தார்கள், ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, டிசம்பரில் விடுதலையானார். வாடகைக் கஷ்டத்தையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

சரி, பிழைக்கிறவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? லட்சம் பேர் சும்மா கேட்பதைவிட ஆயிரம் பேர் காசு கொடுத்து வாங்குவது மேல் என்று கணக்கைத் திருப்பிப் போட்டவர்கள்தான். 2013-இல் ராப்பர் நிப்ஸி ஹஸல் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த தன் மிக்ஸ்டேப்பையே (ஆல்பம்போன்ற தொகுப்பு) 1,000 சிடியாக, ஒன்று 100 டாலர் என்று விற்றார். மாக்-ஹாமி என்ற ராப்பர் ஒரு ஆல்பத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் விலை வைத்தார், வாங்க ஆள் இருந்தது. நேர் எதிராக, தன் லேபிளான டெஃபினிட்டிவ் ஜக்ஸை 2010-இல் நிறுத்திவைத்த எல்-பி, 2013-இல் கில்லர் மைக்கோடு சேர்ந்து ரன் த ஜூவல்ஸ் ஆல்பத்தைச் சும்மாவே கொடுத்துவிட்டு மேடையில் சம்பாதித்தார். மின்னியாபொலிஸ் நகரத்து லேபிளான ரைம்சேயர்ஸ் 1995-இல் தொடங்கி, சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் வேனில் போய்ப் பாடியே தன் கூட்டத்தைச் சேர்த்தது. இந்த வழிகளில் எதுவும் எல்லோருக்கும் பொருந்தாது. முதலில் அந்த ஆயிரம் பேரைச் சேர்க்க வேண்டும், அதற்குத்தான் முன்பு கூடமும் ரேடியோவும் கடையும் இருந்தன.

கேட்கத் தொடங்க விரும்பினால், முதலில் 'மேட்வில்லனி'. ஒருமுறை சும்மா ஓடவிடுங்கள், இரண்டாவது முறை வரிகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கேளுங்கள். அப்புறம் ராப்பர் பில்லி வுட்ஸும் பீட் போடும் கென்னி சீகலும் சேர்ந்து 2023-இல் செய்த 'மேப்ஸ்'. ஊர் ஊராகப் பாடப் போகிறவனின் விமான நிலையங்களும் ஓட்டல் அறைகளும் வீட்டு நினைப்பும்தான் அதில் முழுக்க, நான் இங்கே இவ்வளவு நீட்டிச் சொன்ன பிழைப்புக் கதை உள்ளிருந்து எப்படி இருக்கும் என்று அதில் கேட்கலாம். பிடித்தால் அவர்களுடைய சொந்தப் பக்கத்திலோ பேண்ட்கேம்பிலோ வாங்குங்கள், ஆயிரம் தடவை ஸ்ட்ரீமிங்கில் ஓடவிடுவதைவிட ஒரு தடவை வாங்குவது அவர்களுக்கு அதிகம். காவை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள், 2012-இல் வந்த 'கிரீஃப் பெடிகிரி'. ஹெட்ஃபோன் போட்டு, வேறு எதுவும் செய்யாமல் கேட்க வேண்டிய ஆல்பம். டிரம் எப்போது விழும் என்று காத்திருக்க வேண்டாம், குரலைப் பிடித்துக்கொண்டு போங்கள்.